கருப்பைத் தசைக்கட்டியும் டி.என்.ஏ. ஆய்வும்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி, அறுவை அரங்குகளுக்குச் செல்கிறது. அவ்வரங்குகளில் பெண்களுக்குச் செய்யப்பெறும் பெரிய அறுவைகளுள் ஒன்று கருப்பை அகற்றல். அதற்குரிய காரணங்களுள் தசைக்கட்டி முன்னிற்கிறது. அக்கட்டி தீங்கற்றதா, புற்றா என்னும் வினாவிற்கு விடைதேடிய வரலாற்றையும், அவ்விடை இவ்வட்டாரத்தை எட்டும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒற்றை உயிரணு

இக்கட்டிகள் கருப்பைத் தசையிலிருந்தே தோன்றுகின்றன என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செர்மானிய அறிஞர் விர்ச்சோ காட்டினார். 1965இல் லிண்டர், கார்ட்லர் ஆகிய இருவரும், ஒரு நொதியின் இரு வகைகளையும் உடலில் கொண்ட பெண்களின் கட்டிகளை ஆராய்ந்தனர். இயல்பான தசையில் இருவகையும் இருக்க, ஒவ்வொரு கட்டியிலும் ஒருவகையே காணப்பட்டது. எனவே, ஒவ்வொரு கட்டியும் ஒரே உயிரணுவிலிருந்து பெருகியது என்பது பெறப்பட்டது.

அளவும் பிறழ்வும்

அடுத்து, உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.யின் அளவு கணக்கிடப்பட்டது. தீங்கற்ற கட்டிகளில் அது பெரும்பாலும் இயல்பாகவும், புற்றுகள் பலவற்றில் பிறழ்ந்தும் இருந்தது. ஆயினும் இயல்பான அளவுடைய புற்றுகளும் உள்ளமையால் அளவு மட்டுமே சான்றாகாது. 2011இல் பின்லாந்து ஆய்வாளர்கள் தீங்கற்ற கட்டிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மெட்12 மரபணு மாறியிருப்பதைக் கண்டனர். புற்றுகளிலோ டி.பி.53, ஆர்.பி.1 ஆகிய மரபணுக்களின் சிதைவு மிகுதி. மெட்12 மாற்றம் சில புற்றுகளிலும் காணப்படுவதால், நுண்ணோக்கி ஆய்வே இன்றும் அடிப்படையாக உள்ளது; மரபணுச் சான்று அதற்குத் துணைநிற்கிறது.

இவ்வேறுபாடு உயிர்காக்கும் செய்தியாகும். தீங்கற்றது எனக் கருதி அறுவை செய்யப்பெறும் பெண்களில் ஏறத்தாழ 350 பேருக்கு ஒருவரிடம் புற்று மறைந்திருக்கலாம் என 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மதிப்பிட்டது. கட்டியை உடலுக்குள்ளேயே துண்டாக்கும் கருவி அதனை வயிற்றறையில் பரப்பக்கூடும் எனவும் எச்சரித்தது.

வட்டாரச் சூழல்

மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இலும் தொடங்கப்பெற்றன. 1985இல் உருவான விருதுநகர் மாவட்டத்திற்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022இல்தான் கிடைத்தது. திசுவை ஆராயும் நோய்க்குறியியல் துறை மருத்துவக் கல்லூரியின் இன்றியமையா உறுப்பாதலால், இவ்வாண்டு இரு நகரங்களின் பெண்களுக்கும் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

டி.என்.ஏ. ஆய்வு எத்துணை வளர்ந்தாலும், அகற்றிய கட்டி ஆய்வகத்தை அடைந்தாலன்றி அதனால் பயனில்லை. அக்கட்டி கழிவன்று, அப்பெண்ணின் எதிர்காலத்தைக் கூறும் ஆவணம். அவ்வாய்வின் அறிக்கையை அவள் கையில் சேர்ப்பதே அறுவையின் நிறைவாகும்.