காதொலிக் கருவி மாட்டியாயிற்று. பிள்ளைக்குச் சரியாகக் கேட்கிறதா?

பிள்ளைக்குக் கருவி மாட்டியதும் பின்னால் நின்று கை தட்டுகிறோம். அது திரும்பிப் பார்த்தால், "அல்ஹம்துலில்லாஹ், கேட்கிறது" என்று நிம்மதி அடைகிறோம். கை தட்டல் பலமான ஓசை, பல சுருதிகள் கலந்தது. பாதி செவித்திறன் இழந்த பிள்ளையும் அதற்குத் திரும்பும். பிறந்த குழந்தை பாங்கு சொல்லும்போது கண் விழிப்பதையும் செவித்திறனுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. காதருகே நம் மூச்சுக் காற்று பட்டாலும் அது விழிக்கும்.

திருவண்ணாமலையில் நம் மக்தபுக்கு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். இரண்டு காதிலும் கருவி, கூப்பிட்டால் வருவான். ஆனால் ஸீனையும் ஷீனையும் ஒன்றாகவே ஓதினான். மந்தமான பிள்ளை என்று நினைத்துவிட்டோம். அது நம் தவறு. வாங்கிய இடத்தில் வைத்துக் கொடுத்த அளவிலேயே அந்தக் கருவி இரண்டு ஆண்டுகளாக இருந்தது பிறகுதான் தெரிந்தது.

செவித்திறன் பரிசோதனைகள் இரண்டு வகை. பிள்ளையின் ஒத்துழைப்பு இல்லாமல் இயந்திரமே அளப்பது ஒன்று; பிள்ளை காட்டும் பதிலைக் கொண்டு அறிவது மற்றொன்று.

முதல் வகையில் நம் பெற்றோர் அறிந்தது 'பெரா'. பிள்ளை தூங்கும்போது தலையில் மின்வாய்களை ஒட்டி, ஓசைக்குக் கேள்வி நரம்பும் மூளைத் தண்டும் தரும் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். எத்தனை டெசிபல் இழப்பு என்பதை இதைக் கொண்டு கணிக்கலாம். "பெரா எடுத்தாயிற்றே, இன்னும் ஏன் டெஸ்ட்?" என்று பலர் கேட்கிறார்கள். பெரா சொல்வது காதின் நிலையை. கருவியின் நிலையை அல்ல. கருவியை மாட்டிக்கொண்டு வழக்கமான பெரா எடுப்பதும் நம்பகமானதல்ல. அதில் பயன்படும் ஓசை மிகக் குறுகியது. பேச்சுக்காக அமைந்த கருவி அதைப் பேச்சைப் போலக் கையாளாது.

கருவியைச் சோதிக்க வேறு முறை உண்டு. மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வரை செலுத்தி, கருவி அங்கே எவ்வளவு ஓசை தருகிறது என்று நேரடியாக அளப்பார்கள். ஆங்கிலத்தில் 'ரியல் இயர் மெஷர்மென்ட்' என்பார்கள். மெல்லிய பேச்சு, சாதாரணப் பேச்சு, உரத்த பேச்சு என மூன்று நிலைகளில் பார்ப்பது வழக்கம். சிறு பிள்ளையின் காதுக்குழல் சிறியது. ஒரே கருவி பெரியவர் காதில் தருவதைவிட அதில் கூடுதல் ஓசை தரும். பிள்ளை வளர வளர இந்தக் கணக்கு மாறும், இயர் மோல்டும் தளரும். ஆகவே அளவை மீண்டும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை வயதுக்கேற்ப மாறும். ஏறக்குறைய ஆறு மாதம் முதல் இரண்டரை வயது வரை, ஓசை வந்த பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும். அதற்கு மேற்பட்ட பிள்ளை, ஓசை கேட்டதும் கட்டையைக் கூடையில் போடும். கருவியோடு இதைச் செய்தால், அதற்குக் கேட்கும் மிக மெல்லிய ஓசை எது என்று தெரியும். உரத்த ஓசை காதைத் துன்புறுத்துகிறதா என்பது தெரியாது. இரண்டு வகையும் சேர்ந்தே வேண்டும் என்பது இதனால்தான்.

வீட்டிலும் ஒரு வழி உண்டு. டேனியல் லிங் என்பவர் வகுத்த ஆறு ஓசைகள்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். வாயை மறைத்துக்கொண்டு, காலையில் கருவி மாட்டியதும் சாதாரணக் குரலில் சொல்லிப் பாருங்கள். நேற்று கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, மோல்டு, காதுக் குறும்பி ஆகியவற்றைப் பாருங்கள். அவை சரியாக இருந்தும் கேட்காவிட்டால் ஆடியாலஜிஸ்டிடம் செல்லுங்கள்.

நம் மாவட்டத்தவர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். போகும்போது பழைய பெரா அறிக்கையையும் கருவியையும் மோல்டையும் கொண்டு செல்லுங்கள். பரிசோதனை ஓசை புகாத அறையில் நடக்கிறதா என்று கேளுங்கள்; பவுர்ணமி கிரிவல நெரிசலில் தெருவோரக் கடையில் பார்ப்பது கணக்கில் சேராது.

அந்தச் சிறுவனுக்கு மோல்டு மாற்றி, கருவியின் அளவையும் திருத்தினார்கள். சில மாதங்களில் ஸீனும் ஷீனும் பிரிந்துவிட்டன. ஸீனுக்கும் ஸாதுக்கும் இன்னும் தடுமாறுகிறான்; அது நல்ல காதுள்ள பிள்ளைகளுக்கும் உள்ள தடுமாற்றம்தான்.