மூலையை வெட்டும் முன்: ஒரு பழைய படமும் வட்ட மூலையின் கதையும்



எங்கள் கையால் நடந்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறோம்.

1990 ஒக்டோபரில் முசலியை விட்டு வெளியேற்றப்பட்டபோது நம்மவர்கள் கையோடு கொண்டுபோனது கொஞ்சம். அதில் போட்டோக்கள் அதனிலும் கொஞ்சம். மிஞ்சியவற்றை ஸ்கேன் செய்து சேர்க்கும் வேலையைப் பிள்ளைகளோடு தொடங்கினோம். புத்தளத்திலிருந்து ஒருவர் ஒரு படம் கொண்டுவந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். கீழே வலது மூலையில் நீல மையில் ஒரு திகதி. அவர் படத்தைத் திரும்ப எடுத்துப்போனார். கணினியில் இருந்த பிரதியை ஒரு மாணவர் ‘பழைய படம் மாதிரி’ இருக்கட்டும் என்று நான்கு மூலைகளையும் வட்டமாக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டார். மூலையோடு திகதியும் போய்விட்டது. திரும்பக் கேட்டபோது, வீடு மாறியதில் மூலப்படமே காணாமல் போயிருந்தது. இப்போது ஒரு பெரியவர் 1978 என்கிறார், இன்னொருவர் 1982 என்கிறார்.

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டோம். அவருக்குச் சரியான முறையைக் காட்டிக் கொடுக்காதது நாங்கள்தான். அதனால்தான் இந்தக் கதையைத் தேடி வாசித்தோம்.

மூலையை வட்டமாக்குவது கணினியோடு வந்த பழக்கமல்ல. கூரான மூலை முதலில் மடங்கும், முதலில் கிழியும். அதனால்தான் விளையாட்டுச் சீட்டுகளின் மூலைகளை வட்டமாக வெட்டினார்கள். 1970களின் கலர் போட்டோக்கள் பலவும் வட்ட மூலையோடு வந்தன. நம் மாணவர் மனதில் இருந்த ‘பழைய படம்’ அதுதான்.

கணினிக்கு இது வந்தது 1981 இல். அப்பிள் நிறுவனத்தில் பில் அட்கின்சன் என்ற பொறியியலாளர் திரையில் வட்டங்களை மிக வேகமாக வரையும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அன்றைய புரொசசருக்கு வர்க்கமூலம் காண்பது மெதுவான வேலை. அவர் பயன்படுத்திய வழி நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும்: ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் வரும். 1, 1+3=4, 1+3+5=9. வெறும் கூட்டலிலேயே வட்டம் வந்துவிட்டது.

அதைக் காட்டியபோது ஸ்டீவ் ஜொப்ஸ், வட்ட மூலையுள்ள செவ்வகத்தையும் வரைய முடியுமா என்று கேட்டார். தேவையில்லை என்றார் அட்கின்சன். ஜொப்ஸ் அவரை வீதிக்கு அழைத்துப்போய், ‘வாகனம் நிறுத்தாதே’ என்ற பலகை வரை ஒவ்வொன்றாகக் காட்டினார். எங்கு பார்த்தாலும் வட்ட மூலை! மறுநாளே அட்கின்சன் அதைச் செய்து முடித்துவிட்டார். 1984 இல் மெக்கின்டொஷ் கணினியோடு வந்த மெக்பெயின்ட் என்ற அவருடைய வரைதல் மென்பொருளில் அதற்கெனத் தனிக் கருவி இருந்தது. அட்கின்சன் 2025 ஜூனில் காலமானார்.

ஆனால் மெக்பெயின்டில் ஒன்றின் மேல் இன்னொன்றை வரைந்தால் கீழே இருந்தது அழிந்துவிடும். 1990 இல் வெளியான போட்டோசொப்பிலும் தொடக்கத்தில் இதே நிலைதான். மூலையைத் தெரிவு செய்து அழித்தால் அது போனதுதான். 1994 இல் வந்த 3.0 பதிப்புதான் லேயர்களைக் கொண்டுவந்தது. படத்தின் ஒரு பகுதியை வெட்டாமல் மறைத்து வைக்க மாஸ்க் என்ற வழியும் பழக்கத்துக்கு வந்தது. 2013 இலிருந்து, வட்ட மூலைச் செவ்வகத்தை வரைந்து முடித்த பின்னரும் அதன் ஆரையை மாற்றலாம் என்றானது.

எங்களுக்குப் புரிந்தது இதுதான்: வட்ட மூலையின் வரலாறு என்பது, வெட்டுவதிலிருந்து மறைப்பதற்கு வந்த வரலாறு. உங்கள் வட்ஸ்அப் முகப்புப் படம் வட்டமாகத் தெரிகிறதல்லவா? உங்களிடம் உள்ள படம் அப்படியேதான் இருக்கிறது. வட்டம் என்பது பார்வைக்கு மட்டும்.

கணக்கையும் பாருங்கள். 200 பிக்சல் ஆரையில் வட்டமாக்கினால் ஒரு மூலையில் ஏறத்தாழ 8,580 பிக்சல்கள் போகும். நான்கு மூலையிலும் 34,000க்கு மேல். ஒரு திகதி தொலைய அது தாராளம்.

பிள்ளைகளுக்கு இப்போது சொல்லிக்கொடுப்பது, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில்:

1. ஸ்கேன் செய்த மூலக் கோப்பைத் தொடவே கூடாது. பிரதியில்தான் வேலை.

2. ஃபில்டர்ஸ் மெனுவில் டெகோர் என்பதன் கீழ் ‘ரவுண்ட் கோர்னர்ஸ்’ இருக்கிறது. அதில் ‘வேர்க் ஒன் கொப்பி’ என்ற பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. அதைவிட நல்லது: செவ்வகத் தெரிவுக் கருவியில் ‘ரவுண்டட் கோர்னர்ஸ்’ஐத் தெரிந்து ஆரையைக் கொடுங்கள். பிறகு அந்தத் தெரிவை வைத்து லேயர் மாஸ்க் சேருங்கள். மாஸ்க்கை நீக்கினால் மூலை திரும்ப வந்துவிடும். கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகவே சேமித்து வையுங்கள்.

4. பகிர்வதற்கு பிஎன்ஜி ஆக எடுங்கள். ஜேபெக் வடிவத்தில் ஒளிபுகும் மூலை நிற்காது. வேறு நிறத்தால் நிரம்பிவிடும்.

உறவுகளே, நம் ஊர்கள் எப்போதிலிருந்து இருக்கின்றன என்று நம்மிடமே கேள்வி கேட்கப்படும் காலம் இது. அப்படியிருக்க, படத்தின் மூலையில் உள்ள ஒரு திகதி, ஒரு ஸ்டூடியோ முத்திரை, பின்னால் வாப்பா எழுதிய ஒரு வரி, இவை எதுவும் சிறிய விடயமல்ல. உங்கள் வீட்டில் பழைய படம் இருந்தால் முன்பக்கமும் பின்பக்கமும், ஓரம் நான்கும் தெரிய ஸ்கேன் செய்து வையுங்கள். அழகுபடுத்துவது பிறகு.

அந்தப் பள்ளிக்கூடப் படத்தின் இன்னொரு பிரதி யாரிடமாவது இருந்தால், எவ்வளவு கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். இன்ஷா அல்லாஹ், இம்முறை மூலையைத் தொட மாட்டோம்.