ஏழே முக்கால் ரூபாய்: 1917-இன் சேமிப்புப் பத்திரமும் கெயின்ஸின் தீர்ப்பும்

இந்தியத் தனிமனிதர் ஏன் அரசுப் பத்திரத்தை விட்டுத் தங்கத்தை நாடுகிறார் என்று கேட்டால், நம் பொருளியல் எழுத்து இன்றும் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1913-இல் சொன்ன பதிலையே திருப்பிச் சொல்கிறது. 'இந்திய நாணயமும் நிதியும்' என்ற நூலில் அவர் அதை ஊறிப்போன பழக்கம் என்றார். நாட்டின் செல்வத்தில் அளவுக்கு மீறிய பங்கு உலோகமாக முடங்கி வீணாவதாகவும், அரசு அந்த நாட்டத்துக்குச் சிறிதும் இடம் கொடுக்கக் கூடாது என்றும் வாதிட்டார். தங்க நாணயப் புழக்கத்துக்கு எதிரான அவரது வாதத்தோடு எனக்குப் பிணக்கு இல்லை. பழக்கத்தையே காரணமாகக் காட்டியதில்தான் பிணக்கு. அவர் எழுதிய நாளில் கையில் பத்து ரூபாய் மிச்சம் வைத்திருந்தவருக்கு என்ன வழி இருந்தது? 1882 முதல் இயங்கிய தபால் சேமிப்பு வங்கி இருந்தது; வட்டி 3 சதவீதம். அரசுக் கடன் பத்திரம் வங்கிகளிடமும் பெருநகரச் செல்வந்தரிடமும் புழங்கியது. சிறு சேமிப்பாளருக்கென்று ஒரு பத்திரம் இருந்து, அவர் அதை மறுத்திருந்தால்தான் அது பழக்கமா இல்லையா என்று பேச முடியும். அப்படி ஒன்று வந்தது 1917 ஏப்ரலில், கெயின்ஸின் நூலுக்கு நான்கு ஆண்டு பிந்தி.

அதன் பெயர் போஸ்ட் ஆபீஸ் கேஷ் சர்டிபிகேட். ரூ. 7 அணா 12 கொடுத்து வாங்கினால் ஐந்தாண்டு முடிவில் ரூ. 10. இந்த விலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முகமதிப்பில் முக்கால் பங்கு என்று வைத்திருந்தால் விலை ஏழரை ரூபாயாகியிருக்கும். எட்டு ரூபாய் என்றும் வைத்திருக்கலாம். இரண்டும் ஒரு குமாஸ்தா வாயாலேயே கணக்குப் போடக்கூடிய தொகைகள். ஏழே முக்கால் எங்கிருந்து வந்தது? 1916 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியான போர்ச் சேமிப்புச் சான்றிதழின் விலை 15 ஷில்லிங் 6 பென்ஸ். ஐந்தாண்டில் அது ஒரு பவுண்டு, அதாவது 20 ஷில்லிங். பதினைந்தரையை இருபதால் வகுத்தால் 0.775. ஏழே முக்காலைப் பத்தால் வகுத்தாலும் அதே 0.775. காலமும் ஒன்று, விகிதமும் ஒன்று. ஆகவே கூட்டு வட்டியும் ஒன்றே, ஆண்டுக்குச் சுமார் 5.23 சதவீதம்.

இது தற்செயல் என்று ஒருவர் மறுக்கலாம். அதே 1917-இல் இந்திய அரசு திரட்டிய பெரிய போர்க்கடனுக்கு 5 சதவீதமும் குறுகிய காலப் போர்ப் பத்திரங்களுக்கு 5.5 சதவீதமும் வட்டி, 5.23 இரண்டுக்கும் நடுவில் இயல்பாகவே பொருந்துகிறது என்பது வலுவான மறுப்புதான். ஆனால் அந்தப் பெரிய கடனையே பாருங்கள்: 5 சதவீதம், 1929-47 முதிர்வு. 1917 ஜனவரியில் பிரிட்டன் வெளியிட்ட போர்க்கடனும் 5 சதவீதம், 1929-47. பெரிய கடனின் வட்டியையும் முதிர்வு ஆண்டுகளையும் அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் சிறிய பத்திரத்தின் விகிதத்தையும் எடுத்துக்கொண்டார்கள் என்பதில் வியப்பில்லை. தன் சந்தைக்கென்று தனியே கணக்குப் போட்ட அமெரிக்கா எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் ஒப்பிடத் தக்கது: 1918 ஜனவரியில் அங்கே போர்ச் சேமிப்பு முத்திரை 4 டாலர் 12 சென்ட், 1923 ஜனவரியில் 5 டாலர், விகிதம் ஏறக்குறைய 0.82. எந்த அதிகாரியின் கை வழியே லண்டன் விகிதம் இங்கு வந்தது என்பதில் அறுதியிட்டுப் பேச நான் துணியவில்லை. பிரிட்டனின் சிறு முதலீட்டாளர் குழுவுக்குத் தலைமை தாங்கிய எட்வின் மாண்டேகு இந்தியா மந்திரியானது 1917 ஜூலையில்தான். பத்திரம் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆகவே அவர் கொண்டுவந்தார் என்ற எளிய விளக்கம் எடுபடாது.

விகிதம் ஒன்றானாலும் சுமை ஒன்றல்ல. அன்றைய ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற மாற்று விகிதத்தில் ஏழே முக்கால் ரூபாய் 10 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது பிரிட்டிஷ் சான்றிதழின் விலையில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. நாளுக்குச் சில அணா கூலி வாங்கியவருக்கும் லண்டன் ஆலைத் தொழிலாளிக்கும் இடையிலிருந்த வருமான வேறுபாடு மூன்றுக்கு இரண்டு அல்ல. இன்னொன்றும் உண்டு. பிரிட்டனில் 15 ஷில்லிங் 6 பென்ஸை யாரும் ஒரே நாளில் எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஆறு பென்ஸ் முத்திரைகளை அட்டையில் ஒட்டிக்கொண்டே வரலாம். முப்பத்தோரு முத்திரை சேர்ந்தால் ஒரு சான்றிதழ். ஆலையிலும் பள்ளியிலும் தெருவிலும் சேமிப்புச் சங்கங்கள் அந்த ஆறு பென்ஸை வாரந்தோறும் வசூலித்தன. இங்கே கூலிக்காரருக்கு அப்படி ஒரு வழி இருந்ததா என்று கேட்காமல், பணம் வராதபோது அவர் தங்க மோகத்தைக் குறை சொல்வது நியாயமான ஆய்வல்ல.

கெயின்ஸ் தரப்பின் வலுவான சான்று 1918. அந்த ஆண்டு நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் திரண்டார்கள். அமெரிக்கா பிட்மன் சட்டத்தின்கீழ் சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்காக விற்றுத்தான் நெருக்கடி தணிந்தது. காகிதத்தின் மீதான அவநம்பிக்கைக்கு இதைவிட என்ன வேண்டும் என்பார்கள். ஆனால் அரசின் வெள்ளி இருப்பு உண்மையிலேயே கரைந்துகொண்டிருந்தது. வட்டியே தராத நோட்டை, அதை மாற்றித்தரும் வாக்குறுதி ஆட்டங்கண்ட வேளையில் கைமாற்றியவரை மூடப் பழக்கத்துக்கு அடிமை என்பதா, கணக்குத் தெரிந்தவர் என்பதா? நான் இரண்டாவதையே சொல்வேன். 1914-இல் போர் மூண்டதும் தபால் சேமிப்பு வங்கியிலிருந்து பெருமளவு பணம் எடுக்கப்பட்டதும் இதே வகை.

பிற்காலச் சான்று ஒன்று இந்த வாசிப்புக்குத் துணை நிற்கிறது. 1988 ஏப்ரலில் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் பணம் இரட்டிப்பாகும் என்றது. அது ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கு மேல். தங்கத்தை விடாதவர்கள் என்று சொல்லப்பட்ட அதே கிராமத்தார் தபால் நிலையத்தில் அந்தக் காகிதத்தை வாங்கினார்கள். கறுப்புப் பணமும் அதில் நுழைந்தது என்பது உண்மை. சியாமளா கோபிநாத் குழுவின் பரிந்துரைப்படி 2011-இல் அது நிறுத்தப்பட்டு, 2014-இல் மீண்டும் வந்தது. நுழைந்த பணத்தில் எது யாருடையது என்று இன்று பிரித்தறிவது கடினம், எனவே இந்தச் சான்றின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற மாட்டேன். மறுபுறம், 2015 நவம்பரில் தொடங்கிய தங்கப் பத்திரம் கெயின்ஸின் நோயறிதலை ஏற்றுக்கொண்டே வடிவமைக்கப்பட்டது: உலோக ஆசை மாறாது, ஆகவே உலோகத்தின் விலையையே காகிதத்தில் கொடு. தங்கத்தின் விலை ஏற ஏற அரசின் கடன் சுமையும் ஏறியது. 2024 பிப்ரவரிக்குப் பின் புதிய வெளியீடு இல்லை.

சிறுசேமிப்பு வரலாற்றை எழுத வருகிறவர்கள் கெயின்ஸின் அந்த ஒரு தீர்ப்பை முன்னுரையில் வைத்துத் தொடங்குவதை நிறுத்த வேண்டும். பத்திரத்தின் குறைந்தபட்ச விலை அன்றைய கூலியில் எத்தனை நாள், தவணையில் வாங்க வழி இருந்ததா, இடையில் பணம் தேவைப்பட்டால் என்ன கிடைத்தது என்ற மூன்று கேள்விகளை முதலில் கேளுங்கள். பழக்கத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.