நூறாண்டு வெள்ளம்

கால்வெஸ்டன் என்பது அமெரிக்காவின் டெக்சஸ் கரையோரத்தில் உள்ள ஒரு தீவு நகரம். 1900 செப்டம்பர் 8ஆம் தேதி வீசிய புயலில் அங்குக் குறைந்தது 6,000 பேர் மாண்டனர். தப்பியவர்கள் 17 அடி உயரக் கடற்சுவரைக் கட்டினார்கள். அதோடு விட்டார்களா? வீடுகளையும் தேவாலயத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலை நிரப்பி, ஊரையே உயர்த்தினார்கள்!

காப்புறுதி பிறகுதான் வந்தது. 1968இல் அமெரிக்காவில் தேசிய வெள்ளக் காப்புறுதிச் சட்டம் இயற்றப்பட்டது. வரைபடத்தில் அபாயப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீடு வாங்க வங்கிக் கடன் எடுப்போருக்கு, 1973ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்தப் பகுதிக்கு அளவுகோல் 'நூறாண்டு வெள்ளம்'. நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே என்று எண்ணிவிடாதீர்கள். ஆண்டுதோறும் 1 விழுக்காடு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அது 26 விழுக்காடாகிவிடும். பெயர் வைத்தவரைத்தான் நொந்துகொள்ள வேண்டும்.

2008 செப்டம்பரில் ஐக் புயல் தாக்கியது. சுவர் கடலைப் பார்த்து நின்றது. வெள்ளமோ பின்பக்க விரிகுடா வழியாக ஊருக்குள் புகுந்தது.