கைகாட்டியில் நிற்கும் சிற்றூர்கள்

ஊரின் பெருமையை அளக்க உலகம் பல அளவுகோல்களை வைத்திருக்கிறது. மக்கள் தொகை ஒன்று, கோட்டை கொத்தளம் ஒன்று, கோபுரம் ஒன்று. மோட்டார் வாகனம் வந்த பின்பு புதியதோர் அளவுகோலும் வந்து சேர்ந்தது. அதுவே அதிவேக நெடுஞ்சாலைகளில் தொலைவிலிருந்தே கண்ணில் படும் கைகாட்டிப் பலகை. அதில் பெயர் ஏறிவிட்டால், விரல்விட்டு எண்ணத்தக்க வீடுகள் உள்ள சிற்றூரும் இலட்சக்கணக்கானோர் நாவில் புகுந்துவிடும். அவர்களுள் பெரும்பாலோர் அவ்வூர் மண்ணில் ஒரு நாளும் கால் வைத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு செய்தி. பங்கு மக்களாகிய நீங்கள், நம் ஊர்ப் பெயரின் வரலாற்றை இம்மலரின் பிற பக்கங்களில் படிப்பீர்கள். நாம் இங்கே, கடல் கடந்த மூன்று சிற்றூர்களின் பெயர்கள் எவ்வாறு பெரிய எழுத்தில் ஏறின என்பதையும், ஏறிய பின் என்ன ஆயின என்பதையும் காண்போம்.

சாலை அமைப்போர் ஊரின் சிறப்பைப் பார்த்துப் பெயர் எழுதுவதில்லை. வண்டிகள் பிரியும் இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். சுங்கச் சாவடிக்கு ஒரு பெயர் வேண்டும். அருகில் பெருநகர் இருந்தால் அதன் பெயரை வைப்பார்கள். காடும் மலையுமாக இருந்தால், கிடைத்த சிற்றூரின் பெயரே போதும். ஆகவே இப்புகழ் தேடி வந்ததே அன்றி, நாடிப் பெற்றதன்று.

இங்கிலாந்தின் வடபகுதியில் 'ஸ்காட்ச் கார்னர்' என்ற இடம் உண்டு. 'ஸ்காட்லாந்து முக்கு' என்று நாம் கூறலாம். இலண்டனிலிருந்து வடக்கே செல்லும் ஏ-1 சாலையிலிருந்து, மேற்கே மலை கடந்து ஸ்காட்லாந்தை நோக்கிப் போகும் வழி இங்கே பிரிகிறது. ஒரு விடுதி, வண்டிகள் தங்கிச் செல்லும் நிலையம், இவைதாம் அங்கே கண்ணில் படுபவை. இதனை ஊர் என்று சொல்வதே சற்று மிகை. ஆயினும் பெரிய நகரங்களுக்கு ஒப்பாக இதன் பெயர் பலகைகளில் எழுதப்பட்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 2018-ல் நிறைவு பெற்ற சாலை விரிவாக்கத்தை முன்னிட்டு மண்ணைத் தோண்டியபோது, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரியதொரு குடியிருப்பின் தடயங்கள் அங்கே வெளிப்பட்டன. நாணயத்துக்குரிய உலோகத்தை வார்க்கப் பயன்பட்ட மண் அச்சுக்களும் கிடைத்தன. உரோமையரின் சாலைகளும் அவ்விடத்திலேயே இரண்டாகப் பிரிந்தன. ஊர் அழிந்தது, முக்கு மட்டும் அழியவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிரீஸ்வுட் என்ற சிற்றிடத்தின் கதை இன்னும் விந்தையானது. தனியாக நகராட்சி கூட இல்லாத இடம் அது. 1940-ல் திறக்கப்பட்ட கட்டண நெடுஞ்சாலையில் அது ஒரு வெளிவாயில். பின்னர் மேரிலாந்திலிருந்து வடக்கே ஐ-70 என்ற புதிய சாலை வந்தது. இரு சாலைகளையும் நேராக இணைப்பதே முறை. ஆனால், கட்டணச் சாலையோடு இணைக்க மத்திய அரசின் பணத்தைச் செலவிட வேண்டுமானால், கடன் தீர்ந்ததும் கட்டணத்தை நிறுத்த வேண்டும் என்று அக்காலச் சட்டம் கூறியது. கட்டணத்தை விட அவர்களுக்கு மனம் இல்லை. விளைவு? பல மாநிலங்களை இணைக்கும் பெருவழியில் வருகிறவர்கள், பிரீஸ்வுட் கடைத்தெருவில் இறங்கி, போக்குவரத்து விளக்குக்குக் காத்து நின்று, அதன் பின்பே அடுத்த சாலையில் ஏற வேண்டியதாயிற்று. உணவகங்களும் தங்கும் விடுதிகளும் எரிபொருள் நிலையங்களும் அங்கே வரிசையாக எழுந்தன. பிற்காலத்தில் சட்டம் தளர்ந்தபோதும் அங்குள்ள வணிகர்கள் நேரடி இணைப்பை விரும்பவில்லை. அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. சாலை அவர்களுடைய வயலாகிவிட்டது. வயலை யார் விட்டுக் கொடுப்பார்?

இனி, நாம் முதன்மையாகக் கூற வந்த ஊருக்கு வருவோம். இத்தாலி நாட்டில் பொலோஞ்ஞாவுக்கும் பிளாரன்சுக்கும் இடையே அப்பெனைன் மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. அம்மலையில், காஸ்திலியோனே தெய் பெப்போலி என்ற ஊராட்சிக்கு உட்பட்ட சிற்றூர் ரொங்கோபிலாச்சோ. குருமடத்தில் படித்த இலத்தீன் நமக்கு இங்கே சற்று உதவுகிறது. 'ருன்காரே' என்றால் களை பறித்தல், நிலத்தைத் திருத்துதல். 'ரொங்கோ' என்று தொடங்கும் இத்தாலிய ஊர்ப் பெயர்கள் பல. காடு வெட்டித் திருத்திய நிலம் என்பது அச்சொல்லின் பொருள். என்றோ ஒரு காலத்தில் யாரோ சில ஏழை உழவர்கள் மரம் வெட்டி, வேர் பறித்து வாழத் தொடங்கிய வரலாறு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பலகையைப் படித்துப் பறந்து செல்வோருக்கு அது தெரிய நியாயமில்லை. 1944-ல் நேச நாட்டுப் படைகள் ஜெர்மானியரோடு இம்மலைகளில் போரிட்டன என்பதும், அப்போது உயிர்நீத்த தென்னாப்பிரிக்க வீரர்களின் கல்லறைத் தோட்டம் காஸ்திலியோனேயில் இருக்கிறது என்பதும் பலகையில் இல்லை.

போர் முடிந்து இத்தாலி தலைநிமிர்ந்த காலத்தில், மிலான் நகரிலிருந்து நேப்பிள்ஸ் வரை 'சூரியனின் நெடுஞ்சாலை' என்ற பெயரில் ஏறத்தாழ 760 கிலோமீட்டர் நீளச் சாலை அமைக்கத் திட்டமிட்டார்கள். 1956 மே 19-ல் முதற்கல் நாட்டப்பட்டது. 1964 அக்டோபர் 4-ல், எட்டே ஆண்டுகளில், முழுச் சாலையும் திறக்கப்பட்டது. இதில் மிகக் கடினமான பகுதி பொலோஞ்ஞா-பிளாரன்ஸ் மலைப்பகுதியே. பாலமும் சுரங்கமும் மாறி மாறி வர, கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்கு ஏறி இறங்கும் அப்பாதை 1960 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு 903 மீட்டர் உயரமுள்ள ஃபூத்தா கணவாய் வழியே வளைந்து வளைந்து செல்ல வேண்டியிருந்தவர்களுக்கு இது பெரும் வரமாகத் தோன்றியது. அப்பாதையின் வெளிவாயில்களில் ஒன்றுக்கு ரொங்கோபிலாச்சோ என்று பெயரிட்டார்கள்.

ஆண்டுகள் செல்லச் செல்ல வரமே தொல்லையாயிற்று. வண்டிகள் பெருகின, சரக்கு லாரிகள் மேட்டில் ஊர்ந்தன, குளிர்காலத்தில் பனி விழுந்து வழி அடைந்தது. 'ரொங்கோபிலாச்சோவுக்கும் பார்பெரினோவுக்கும் இடையே வாகனங்கள் தேங்கி நிற்கின்றன' என்பது வானொலியின் போக்குவரத்துச் செய்தியில் ஓயாது கேட்கும் வாசகம் ஆயிற்று. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருப்பவரும் சிசிலித் தீவில் இருப்பவரும் அப்பெயரை அறிவர். பெயர் உரோமை நகரைப் போல் பரவியது, ஆனால் சலிப்புக்கு மறுபெயராக! பனியையும் லாரிகளையும் அவ்வூரார் கொண்டு வரவில்லை. வாயிலுக்குத் தங்கள் ஊர்ப் பெயர் வாய்த்தது தவிர அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை.

பலகையில் இடம் பெறாத வேறு பெயர்களும் உண்டு. அந்நெடுஞ்சாலையை அமைத்தபோது ஏறத்தாழ 160 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவர்களின் நினைவாகப் பிளாரன்சுக்கு அருகே காம்ப்பி பிசென்சியோ என்னுமிடத்தில், நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே புனித ஸ்நாபக அருளப்பர் ஆலயம் எழுப்பப்பட்டது. ஜொவான்னி மிக்கேலுச்சி என்ற கட்டடக் கலைஞர் அமைத்த அவ்வாலயம் 1964 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கற்சுவரும் செப்புக் கூரையுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் பாலைவனத்தில் அடித்த கூடாரம் போல் தோன்றும். கோபுரம் இல்லையே என்று குறைப்படுவோர் இருக்கலாம். வழிப்போக்கருக்கு உரிய ஆலயம் கூடாரமாக இருப்பதே சரி என்பது நம் கருத்து. மிலானுக்குப் புனித அம்புரோஸ், பொலோஞ்ஞாவுக்குப் புனித பெத்ரோனியுஸ், நேப்பிள்ஸுக்குப் புனித சனுவாரியுஸ் என ஒவ்வொரு நகருக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு அன்றோ? அவ்வாறு இச்சாலை இணைத்த நகரங்களின் பாதுகாவலர்களை ஆலயத்தின் முகப்பு மண்டபத்தில் புடைப்புச் சிற்பங்களாக வைத்திருக்கிறார்கள். நகரங்களுக்கே அந்த இடம். காடு திருத்திய சிற்றூர்களுக்கு இல்லை. இறந்தவர்களுள் எத்தனை பேர் அத்தகைய சிற்றூர்களிலிருந்து கூலிக்கு வந்தவர்களோ!

2015 டிசம்பர் 23-ல் புதிய பாதை ஒன்று அம்மலையில் திறக்கப்பட்டது. எட்டுக் கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கம் ஒன்றைக் குடைந்து, பழைய உயரத்துக்கு ஏறாமலே மலையைக் கடக்கச் செய்துவிட்டார்கள். புதுப் பாதை ரொங்கோபிலாச்சோவைத் தொடுவதில்லை. அதன் வெளிவாயிலின் பெயர் 'பாதியா'; துறவியர் மடம் என்று பொருள்படும் சொல் அது. அவசரமாய்ச் செல்வோர் அனைவரும் அவ்வழியே போக, வானொலியில் பழைய வாசகம் அருகிப் போயிற்று.

இப்போது மலையடிவாரத்தில் இரு பலகைகள் நிற்கின்றன. புதுப் பாதைக்கு 'நேர்வழி' என்று பெயர். 1934-ல் அதே மலையைத் துளைத்துச் சென்ற இரயில் பாதைக்கு வழங்கிய பெயரையே இதற்கும் சூட்டியிருக்கிறார்கள். ரொங்கோபிலாச்சோவின் வழியே செல்லும் பழைய பாதை மூடப்படவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் வண்டியோட்டிகள் நொந்துகொண்ட அப்பாதைக்கு, அதிகாரபூர்வமாகவே 'இயற்கைக் காட்சிப் பாதை' என்று பெயர் எழுதியிருக்கிறார்கள்.