சேர்வராயன் மலையும் மரம் குடையும் வண்டுகளும்

காட்டில் பட்டுப்போன மரம் வீணாகக் கிடப்பதில்லை. அதன் பட்டைக்கு அடியிலும் உளுத்த கட்டைக்குள்ளும் நீள்கொம்பு வண்டு, காண்டாமிருக வண்டு என எத்தனையோ வகை வண்டுகளின் புழுக்கள் வளர்கின்றன. மரத்தைத் தூளாக்கி மண்ணில் சேர்ப்பதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. (வீட்டுக் கட்டிலிலிருந்து மாவு போலப் பொடி கொட்டினால், அதுவும் இப்படியொரு வண்டின் வேலையாக இருக்கலாம்!)

ஆனால் ஏற்காட்டில் இந்தக் கூட்டத்தின் பெயரைக் கெடுத்தது ஒரே ஒரு வண்டு. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். நீள்கொம்புக் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளைத் தண்டுத் துளைப்பானோ, மரம் பட்டுப்போகும்வரை காத்திருக்காது. உயிருள்ள அராபிகா செடியின் தண்டையே குடைந்துவிடும். 1860களில் குடகு, மைசூர் பகுதித் தோட்டங்கள் இதனால் பெரும் அழிவைக் கண்டன. டாக்டர் ஜார்ஜ் பிடீ இதை ஆராய்ந்து 1869இல் சென்னையில் அறிக்கை வெளியிட்டார். நிழல் மரங்கள் வேண்டும் என்பது அவர் சொன்ன முக்கியமான யோசனை. வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில்தான் இவ்வண்டு விரும்பி முட்டையிடும். காட்டை மொட்டையடித்துக் காபி நட்டவர்களே அதற்கு வழிவிட்டார்கள் எனலாம்.

மஞ்சக்குட்டை போன்ற ஊர்களில் காபிக்கு மேலே சில்வர் ஓக் நிற்பது மிளகுக்கொடி ஏறுவதற்கு மட்டுமல்ல. துளைப்பான் விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதும் சரியே. அதே கணக்கில் காட்டின் உளுத்த கட்டைகளையும் அள்ளி எரிப்பதுதான் தவறு. அவற்றில் இந்தத் துளைப்பான் வளர்வதில்லை.