சன்ஷைன் முதல் ஃபிர்தௌஸ் வரை: ரஹ்மான் போடும் ஆர்கெஸ்ட்ரா நாற்காலி, வாசுதேவநல்லூர் பிள்ளைக்குக் கிடைக்குமா?

ஏ.ஆர்.ரஹ்மான் என்றதும் பாட்டும் ஆஸ்கரும்தான் சட்டென ஞாபகத்துக்கு வரும். 2009-ல் அந்த இரண்டு ஆஸ்கர்கள் கைக்கு வருவதற்கு முந்தைய வருஷமே அவர் சென்னையில் ஒரு இசைக் கல்லூரி தொடங்கிவிட்டார். அதையொட்டி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் இலவசமாகச் சொல்லித்தரும் ஒரு ஆர்கெஸ்ட்ராவும் உருவானது. பிறகு துபாயில் பெண்கள் மட்டுமே வாசிக்கும் இன்னொரு ஆர்கெஸ்ட்ரா.

ஒரு இசையமைப்பாளர் ஏன் இதையெல்லாம் செய்கிறார்? உலகம் முழுக்க நடக்கும் யூத் ஆர்கெஸ்ட்ரா விழாக்கள் என்றால் என்ன? புளியங்குடிக்கும் சிவகிரிக்கும் நடுவில் இருக்கிற வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு பிள்ளை அங்கே போக முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆர்கெஸ்ட்ரா என்றால் கொடை விழா ஆர்கெஸ்ட்ராவா?

தென்காசி பக்கம் 'ஆர்கெஸ்ட்ரா' என்றால் அம்மன் கோயில் கொடையில் ராத்திரி நடக்கும் சினிமா பாட்டுக் கச்சேரிதான். இங்கே நாம் பேசுவது சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. 60 முதல் 100 பேர் வரை ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். இதில் நான்கு பிரிவு உண்டு.

வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் போன்ற தந்தி வாத்தியங்கள் ஒரு பிரிவு. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் அடுத்தது. டிரம்பெட், ஃப்ரெஞ்ச் ஹார்ன், டிரோம்போன் போன்ற பித்தளை வாத்தியங்கள் மூன்றாவது. டிம்பனி உள்ளிட்ட தாள வாத்தியங்கள் நான்காவது. இத்தனை பேரையும் கையசைவில் கட்டி இழுப்பவர்தான் கண்டக்டர். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் வாசிக்க வேண்டியது நோட்டேஷனாக எழுதி வைக்கப்பட்டிருக்கும்.

யூத் ஆர்கெஸ்ட்ரா விழாவில் என்ன நடக்கும்?

இதே அமைப்பில் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகள் வாசித்தால் அது யூத் ஆர்கெஸ்ட்ரா. பிரிட்டனின் தேசிய யூத் ஆர்கெஸ்ட்ரா 1948-லேயே தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான யூத் ஆர்கெஸ்ட்ரா 1976-ல் வந்தது. 16 முதல் 26 வயது வரையிலானவர்கள் ஆடிஷன் மூலம் அதில் சேரலாம்.

ஆசியாவுக்கும் ஒன்று இருக்கிறது. வயலின் மேதை யெஹுதி மெனுஹினும் ரிச்சர்ட் பான்ஷியஸும் 1987-ல் ஏசியன் யூத் ஆர்கெஸ்ட்ராவை நிறுவினார்கள். ஹாங்காங்தான் அதன் தலைமையிடம். கோடை விடுமுறையில் கொஞ்ச நாள் ஒன்றாகத் தங்கி ஒத்திகை பார்ப்பார்கள், அப்புறம் நாடு நாடாகப் போய்க் கச்சேரி செய்வார்கள்.

இப்படிப்பட்ட குழுக்கள் ஒரே ஊரில் வந்து கூடுவதுதான் விழா. பெர்லினில் 2000-ம் ஆண்டு முதல் நடந்துவரும் 'யங் யூரோ கிளாசிக்' இதில் பிரபலமானது. பல நாட்டு இளைஞர் குழுக்கள் அங்கே புதிதாக எழுதப்பட்ட இசையையும் அரங்கேற்றுகின்றன. அதில் சிறந்த படைப்புக்கு விருதும் உண்டு.

இசையமைப்பாளருக்கு இதில் என்ன வேலை?

யூத் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவது தனி வித்தை. பத்து வருஷம் வாசித்த பிள்ளையும் இருக்கும், போன வருஷம்தான் வில் பிடித்த பிள்ளையும் இருக்கும். இரண்டு பேருக்கும் அதில் வேலை இருக்க வேண்டும், கேட்கிறவர்களுக்கும் நன்றாக இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன் எழுதி 1958-ல் அரங்கேறிய 'நோயீஸ் ஃப்ளட்' இதற்கு நல்ல உதாரணம். அதில் வயலின் பகுதியைத் திறமைக்கு ஏற்ப மூன்றாகப் பிரித்தார். கடைசிப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் விரல் வைக்காமல் வாசிக்கும் வெறும் தந்திகள்தான். தேநீர்க் குவளைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டும் வேலையைக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எல்லோருக்கும் மேடையில் ஒரு இடம் கிடைத்தது.

ரஹ்மான் என்ன செய்தார்?

ரஹ்மான் ஒரு படி கீழே இறங்கி, வாசிக்கும் ஆட்களை உருவாக்குவதில் இருந்தே ஆரம்பித்தார். 2008-ல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி வந்தது. இது லண்டனின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்துடன் கைகோத்துப் படிப்புகளை நடத்தியது. இந்தியாவுக்கென ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்பது அவர் நீண்ட நாளாகச் சொல்லிவரும் ஆசை.

அவரது அறக்கட்டளை நடத்தும் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா' அந்த ஆசையின் இன்னொரு முகம். பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பங்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு மேற்கத்திய வாத்தியங்களில் இங்கே கட்டணமில்லாமல் பயிற்சி தரப்படுகிறது.

2014 அக்டோபரில் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரி ரஹ்மானுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பாஸ்டன் சிம்பொனி ஹாலில் நடந்த அந்தக் கச்சேரியில் அவர் பாடல்களை வாசித்தவர்கள் பல நாடுகளைச் சேர்ந்த மாணவர்கள்.

அடுத்தது துபாய். 2021 அக்டோபரில் தொடங்கிய 'எக்ஸ்போ 2020' கண்காட்சியில், அவரது வழிகாட்டுதலில் ஃபிர்தௌஸ் ஆர்கெஸ்ட்ரா அரங்கேறியது. அரபு நாடுகளைச் சேர்ந்த சுமார் 50 பெண்கள் வாசித்தார்கள். லெபனானைச் சேர்ந்த யஸ்மினா சப்பா நடத்தினார். இது கறாராகச் சொன்னால் யூத் ஆர்கெஸ்ட்ரா கிடையாது. ஆனால் 'இதுவரை இடம் கிடைக்காதவர்களுக்கு நாற்காலி போடு' என்ற சன்ஷைன் யோசனை இங்கேயும் அப்படியே இருக்கிறது.

வேறு யாரெல்லாம் முயற்சி செய்கிறார்கள்?

இந்த யோசனைக்குப் பெரிய முன்னோடி வெனிசுவேலா. 1975-ல் ஹோசே அன்டோனியோ அப்ரேயு தொடங்கிய 'எல் சிஸ்தேமா' திட்டம் ஏழைப் பிள்ளைகள் கையில் வாத்தியம் கொடுத்தது. உலகப் புகழ் பெற்ற கண்டக்டர் குஸ்தாவோ டுடமெல் அங்கிருந்து வந்தவர்தான். அதைப் பார்த்து 2009-ல் கோவாவில் 'சைல்ட்ஸ் பிளே' அமைப்பு தொடங்கியது. மேற்கு வங்கத்தின் காலிம்போங்கில் காந்தி ஆசிரமப் பள்ளி, கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கு 1990-களிலிருந்தே வயலின் சொல்லித்தருகிறது.

முன்னாள் வெளியுறவுச் செயலர் நிருபமா ராவின் முயற்சியில் தெற்காசிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா உருவாகி, 2019 ஏப்ரலில் மும்பையில் முதல் கச்சேரி நடத்தியது. இந்தியா, இலங்கை, நேபாளம், ஆப்கானிஸ்தான் கலைஞர்கள் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள்.

அதில் ஆப்கானியர்களின் கதை கனமானது. 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சி வந்ததும் காபூல் தேசிய இசைக் கல்லூரி மூடப்பட்டது. மாணவர்கள், ஆசிரியர்கள், குடும்பத்தினர் என 270-க்கும் மேற்பட்டோர் போர்ச்சுகலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வயலின் வாசிப்பதற்காகவே நாட்டை விட்டுப் போக வேண்டிய நிலை.

சரி, நமக்கு எதற்கு இது?

இளையராஜாவின் 'திருவாசகம்' 2005-ல் வெளியானபோது அதில் வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா. 2025 மார்ச் 8-ம் தேதி அவரது 'வேலியன்ட்' சிம்பொனியை லண்டனில் அரங்கேற்றியது ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா. எழுதியவர் பண்ணைப்புரத்துக்காரர், வாசித்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். சினிமா பின்னணி இசைக்கும் நம் இசையமைப்பாளர்கள் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள்.

சென்னையில் தலைமுறை தலைமுறையாக நல்ல வயலின் கலைஞர்கள் இருக்கிறார்கள். ஓபோ, பசூன், ஃப்ரெஞ்ச் ஹார்ன் வாசிக்கத்தான் ஆள் மிகக் குறைவு. அந்த நாற்காலிகள் இங்கே நிரம்பினால், அந்த வேலையும் சம்பளமும் இங்கேயே இருக்கும்.

வாசுதேவநல்லூர் பிள்ளைக்கு என்ன தடை?

திறமை ஒரு தடையே இல்லை. வயலின் கர்நாடக இசைக்குள் வந்த கதையே தென்மாவட்டத்தைத் தொட்டுத்தான் போகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர்தான் அந்த ஐரோப்பிய வாத்தியத்தைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர். அவர் ஆஸ்தான வித்வானாக இருந்தது எட்டயபுரம் அரண்மனையில்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. ஆர்கெஸ்ட்ராவில் ஆள் கிடைக்காத ஓபோவும் பசூனும் இரட்டை நாக்கு வாத்தியங்கள். நம் நாதஸ்வரத்தின் சீவாளியும் அதே வகைதான். காருகுறிச்சி அருணாசலம் வாசித்த மண்ணில், நையாண்டி மேளம் கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்த மூச்சு புதுசு கிடையாது. உதடு வைக்கும் முறையும் விரல் முறையும் வேறு, அதைத் தனியாகக் கற்க வேண்டும்.

உண்மையான தடைகள் மூன்று.

* வாத்தியம்: ஓபோ, ஹார்ன் போன்றவை வயலினைவிடப் பல மடங்கு விலை. சின்னப் பிள்ளைகளுக்கு வளர வளர வயலின் சைஸும் மாற்ற வேண்டும்.
* நோட்டேஷன்: நம் ஊரில் பாட்டு, வாத்தியம் இரண்டுமே கேட்டுக் கேட்டுத்தான் கற்கிறோம். ஆர்கெஸ்ட்ராவில் தாளைப் பார்த்தவுடன் வாசிக்கத் தெரிய வேண்டும்.
* ஆசிரியர்: இது எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. மேற்கத்திய வாத்திய ஆசிரியர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். வாசுதேவநல்லூரில் இருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர்.

பக்கத்திலேயே என்ன வழி இருக்கு?

தமிழ்நாடு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் சொல்லித்தருகிறார்கள். நெல்லையிலும் ஒன்று உண்டு, கட்டணமும் குறைவு. அங்கே கற்பது கர்நாடக வயலின். ஸ்ருதி சேர்ப்பது, உட்காரும் முறை இரண்டும் மாறும். ஆனாலும் வில்லும் காதும் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

நெல்லைச் சீமையின் பல தேவாலயப் பாடகர் குழுக்களில் நோட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அடிப்படையை அவர்களிடம் கற்கலாம். அதற்கு அப்புறம் டிரினிட்டி காலேஜ் லண்டன், ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்புகளின் கிரேடு தேர்வுகள் இருக்கின்றன. வெளியூர் ஆடிஷனுக்குப் போகும்போது 'இந்த அளவுக்கு வாசிப்பேன்' என்று காட்ட இந்தச் சான்றிதழ்கள் உதவும்.

இதெல்லாம் ஒரு வருஷத்தில் நடக்கிற காரியம் இல்லை. ஆர்கெஸ்ட்ராவில் உட்காரும் அளவுக்கு வயலின் வாசிக்க எட்டு, பத்து வருஷம் ஆகும். 16 வயதில் ஆடிஷனுக்கு நிற்க வேண்டிய பிள்ளை ஏழு வயதிலாவது வில் பிடித்திருக்க வேண்டும். சென்னையில் ஒரு சன்ஷைன் இருப்பது நல்ல விஷயம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைத் தினமும் சென்னைக்கு அனுப்ப முடியாது. தென்காசியிலேயே ஒரு வகுப்பறையும், நாலு வாத்தியமும், ஒரு ஆசிரியரும் இருந்தால்தான் பெர்லின் மேடைக்கான கணக்கு இங்கிருந்து ஆரம்பிக்கும்.